குக்கர் சாரின் மைதானம்

“என் கிரவுண்டுல இருந்து ஒரு பிள்ளையைக் கையப் பிடிச்சு கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போற ஆள் இன்னும் பொறக்கல. பொறந்தா சொல்லுங்க, தொட்டிலுக்கே போய்ப் பார்த்துட்டு வரேன்.”

ஆசிரியர் கூட்டத்தில் விளையாட்டு ஆசிரியர் இப்படி முழங்கியபோது நின்றுகொண்டிருந்தார். வீரத்தினால் நின்றார் என்று நினைத்துவிடக் கூடாது. உட்கார நாற்காலி இல்லை. பன்னிரண்டு ஆசிரியர்களுக்குப் பதினொரு நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. அவற்றைத் தூக்கிவந்து போட்டவரும் அவர்தான். அந்தத் தொடக்கப் பள்ளியில் நாற்காலி தூக்குவது உடற்கல்வியின் ஒரு கிளை என்று கருதப்படுகிறது. பாடத்திட்டத்தில் அது இல்லையே என்று யாராவது கேட்டால், பாடத்திட்டத்தில் இருக்கிற எதுதான் ஒழுங்காக நடக்கிறது என்று பதில் வரும்.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “தொட்டிலெல்லாம் வேண்டாம் சார். இருபது கையெழுத்து கொண்டு வாங்க, போதும்” என்றார்.

அந்த இருபது கையெழுத்துக்கு வருவதற்கு முன் மனிதரைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

வயது நாற்பத்தேழு. முழங்காலில் வெளுத்துப்போன நீல டிராக் பேன்ட். கழுத்தில் விசில், விசிலுக்குப் பின்னால் கோபம். இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பும் என்பதால், எந்தக் காலத்திலோ ஒன்றாம் வகுப்பில் படித்த ஒருத்தி அவருக்கு ‘குக்கர் சார்’ என்று பெயர் வைத்தாள். அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். பெயர் இங்கேயே தங்கிவிட்டது. பிள்ளைகளுக்கு அவருடைய கோபத்தில் பயம் கிடையாது. “மூணு விசில் வந்தா இறங்கிடும்டா” என்று ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொள்வார்கள். அப்படியே இறங்கியும் விடும். பெரியவர்களிடம்தான் எத்தனை விசில் வந்தாலும் இறங்குவதில்லை.

கோபத்துக்குக் காரணம் தேடி அவர் எங்கும் அலைந்ததில்லை. காரணங்கள் காலை எட்டரை மணிக்கே பள்ளிக்கூட வாசலுக்குத் தாமாக வந்துவிடுகின்றன. எட்டு வயசுப் பையன் கையை வீசிக்கொண்டு வர, அவனுடைய புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் மூச்சு வாங்க வரும் அம்மா ஒரு காரணம். வளர்கிற பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிப் போட்ட ஷூ இன்னொரு காரணம். “வளரட்டும்மா, யாரு வேண்டாம்னா? இந்த ஷூவுக்குள்ள இன்னொரு பிள்ளையையும் சேர்த்துல்ல வளர்க்கலாம் போலிருக்கு” என்பார். அந்த அம்மா சிரிப்பார். அதற்கும் அவருக்குக் கோபம் வரும்.

கடிதங்களும் வரும். சென்ற ஆண்டு வந்த ஒன்றை இன்றும் மனப்பாடமாகச் சொல்லுவார்: ‘என் மகனுக்கு வியர்வை ஒத்துக்கொள்ளாது. ஆகவே விளையாட்டு நேரத்தில் அவனை நிழலில் உட்கார வைக்கவும்.’ அதே தாளின் பின்பக்கத்தில் அவர் பதில் எழுதி அனுப்பினார்: ‘மைதானத்தில் நிழல் விழும் ஒரே இடத்தில் தலைமையாசிரியையின் கார் நிற்கிறது. காலியானதும் தெரிவிக்கிறேன்.’ அந்தத் தாள் வீட்டுக்குப் போய், வீட்டிலிருந்து தலைமையாசிரியையின் மேசைக்கு வந்து, அங்கிருந்து ஒரு விளக்கம் கேட்கும் நோட்டீஸாக அவருக்கே திரும்பி வந்தது. கார் மட்டும் எங்கும் போகவில்லை. ஓட்டப் பாதையின் வளைவில் அது இன்றும் நிற்கிறது. பிள்ளைகள் அதைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். தடை தாண்டும் ஓட்டம் என்று அவர் அதற்குப் பெயர் கொடுத்திருக்கிறார்.

அவருடைய ஆட்சிக்கு உட்பட்ட சொத்து ஒரு இரும்பு அலமாரி. சாவி தலைமையாசிரியையிடம். உள்ளே சில வளையங்கள், மூன்று பந்துகள். பந்துகளில் ஒன்றில் காற்று உண்டு. கரண்டியில் எலுமிச்சை வைத்து நடக்கும் பந்தயத்துக்காக வாங்கிய பன்னிரண்டு கரண்டிகளும் ஆசிரியர் அறையில் தேநீர் கலக்கப் போய்விட்டன. ஸ்கிப்பிங் கயிறுகள் நான்கும் பள்ளி வாசலில், ‘ஆரோக்கியமான குழந்தை, மகிழ்ச்சியான பள்ளி’ என்ற பேனரை நான்கு மூலையிலும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஏணியில் ஏறி அதைக் கட்டியவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. அவர் மேலே இருக்கும்போது கீழே தேநீர்க் கோப்பையுடன் வந்த ஓவிய ஆசிரியர், “ஏறினது ஏறிட்டீங்க சார், அப்படியே அந்த லைட்டையும் துடைச்சிடுங்களேன்” என்று யோசனை சொன்னார். துடைத்தார். துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓவிய ஆசிரியருடன் பேசவில்லை. ஓவிய ஆசிரியர் அதைக் கவனிக்கவில்லை.

மற்ற பாடங்களின் பீரியடுக்குக் கதவு உண்டு. இவருடைய பீரியடுக்குக் கிடையாது. யார் வேண்டுமானாலும் நுழைந்து தேவையானதை எடுத்துக்கொண்டு போகலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மழை பெய்தால் விளையாட்டு வேண்டாம். வெயில் அடித்தால் வேண்டவே வேண்டாம். இரண்டும் இல்லையென்றால் பாடம் முடியவில்லை. தடுப்பூசி போட வருகிறவர்கள், போட்டோ எடுக்க வருகிறவர்கள், ஆண்டு விழா நடனத்துக்கு அளவெடுக்க வரும் தையற்காரர் எல்லோரும், எப்படித்தான் தெரியுமோ, சரியாக இவருடைய பீரியடில்தான் வந்து நிற்பார்கள். அவர்களையெல்லாம் மைதானத்தின் விளிம்பிலேயே மறித்து நிறுத்தி, இருபத்திரண்டு வருஷமாகத் திருப்பி அனுப்பிவருகிறார். பியூன் வராத நாட்களில் மணி அடிக்கிற வேலையும் இவருடையதுதான். அந்த நாட்களில் விளையாட்டு பீரியட் இரண்டு நிமிஷம் முன்னதாகத் தொடங்கி மூன்று நிமிஷம் தாமதமாக முடியும். கடிகாரத்தில் ஏதோ கோளாறு என்று இதுவரை எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லோரையும் திருப்பி அனுப்பியவருக்கு அடங்காத ஒரே எதிரி கணக்கு டீச்சர். ஐந்தாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையும் அவர்தான். அவர் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அந்தப் பள்ளியில் அதைவிடப் பயங்கரமான ஆயுதம் வேறு எதுவும் கிடையாது. வாரத்துக்கு ஒரு தடவையாவது மைதானத்தின் ஓரத்துக்கு வந்து, புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நிற்பார்.

“ஒரே ஒரு பீரியட் சார். பின்னம் பாதியில நிக்குது.”

“பின்னம்னாலே பாதிதானே டீச்சர். நிக்கட்டும்.”

டீச்சர் கோபித்துக்கொள்ளாமல் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். திட்டுகிற ஆளைத் திட்டலாம். தலையாட்டிவிட்டுப் போகிற ஆளை என்ன செய்வது? அன்று மாலை முழுக்க இவர் சுவரோடு பேசுவார்.

அரையாண்டுத் தேர்வு வந்தது. ஐந்தாம் வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள், கணக்கில் பதினேழு பேர் தேறவில்லை. ஐந்தாம் வகுப்போடு இந்தப் பள்ளி முடிந்துவிடும். அடுத்தது பெரிய பள்ளி. அதற்கு நுழைவுத் தேர்வு. அதில் பாதி மதிப்பெண் கணக்குக்கு. கணக்கு டீச்சர் இந்த முறை மைதானத்துக்கு வரவில்லை. நேராகத் தலைமையாசிரியையின் அறைக்குப் போனார். அடுத்த நாள் கூட்டத்தில் ஒரு படிவம் வெளியானது. செவ்வாய், வெள்ளி கடைசி பீரியடில் உங்கள் பிள்ளை எங்கே போக வேண்டும்? கணக்கு, விளையாட்டு, இரண்டில் ஒன்றுக்கு டிக் போட்டுப் பெற்றோர் கையெழுத்திடவும். விளையாட்டுக்கு இருபது பேராவது தேறினால் மைதானம் நடக்கும். ஒருவர் குறைந்தாலும் இந்த வருஷம் முடிகிறவரை ஐந்தாம் வகுப்புக்கு விளையாட்டு பீரியடே கிடையாது. அதைக் கேட்டுத்தான் அவர் தொட்டில்வரை போனார்.

படிவம் திரும்பி வர ஐந்து நாள் இருந்தது. குக்கர் சார் வாசலில் கூடாரம் போடாத குறை. காலையில் பிள்ளைகளை விட வரும்போது ஒரு தாக்குதல், மாலையில் அழைத்துப் போக வரும்போது இன்னொன்று. கைபேசியைப் பார்த்துக்கொண்டே நடந்துவந்த ஓர் அப்பாவை மறித்து, “பத்து தடவை உட்கார்ந்து எழுந்திருங்க. முடிஞ்சா தாராளமா கணக்குக்கு டிக் போடுங்க” என்று சவால் விட்டார். அந்த அப்பா மூன்றாவது தடவை உட்கார்ந்தவர், தரையில் இருந்தபடியே பேனா கேட்டு வாங்கி விளையாட்டுக்கு டிக் போட்டார். கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டது அந்த வழியாக வந்த கணக்கு டீச்சர்.

ஓடியாடிவிட்டு வந்தால் பையன் ராத்திரி சீக்கிரமே தூங்கிவிடுகிறான், படிக்க மாட்டேன் என்கிறான் என்று ஓர் அம்மா குறைப்பட்டார். “ராத்திரியைக் கண்டுபிடிச்சதே தூங்கறதுக்குத்தாம்மா” என்று சீறினார் சார். இன்னொரு அம்மாவிடம் அவருக்கு உண்மையாகவே நெஞ்சு கொதித்தது. “பத்து வயசுப் பொண்ணு வந்து எங்கிட்ட முதுகு வலிக்குதுங்கறா. அவளுக்கு வயசு பத்தாம்மா, நூறா? காலையில டியூஷன், அப்புறம் ஸ்கூல், சாயந்திரம் இன்னொரு டியூஷன். வாரத்துல ரெண்டு தடவை நாற்பது நிமிஷம் மண்ணுல நிக்கறா. அதையும் பிடுங்கிட்டு அவகிட்ட என்னத்த மிச்சம் வைக்கப் போறீங்க?”

குரல் தெருமுனைவரை போனது. அந்த அம்மா படிவத்தை மறுபடி படித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “உங்க பொண்ணும் இதே கிளாஸ்தானே சார். அவளுக்கு எதுல போட்டீங்க?”

“இதுல கேள்வி வேறயா? எம்பொண்ணு கிரவுண்டுலதான் நிப்பா.”

“அப்படின்னா சரி” என்று அந்த அம்மாவும் போட்டுவிட்டார்.

நான்காம் நாள் மாலைக்குள் இருபத்திரண்டு சேர்ந்துவிட்டது. மகளின் படிவம் இல்லாமலே இருபத்திரண்டு. மைதானம் பிழைத்துவிட்டது. அன்று அவர் தலைமையாசிரியையின் காருக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டு வீட்டுக்குப் போனதாக ஒன்றாம் வகுப்பில் பேசிக்கொள்கிறார்கள்.

வீடு இரண்டே அறை. மனைவி மருந்துக்கடையில் பில் போடுகிறவர். நாளெல்லாம் அடுத்தவர்களின் நோயைத் தட்டச்சு செய்துவிட்டு வருவதால் வீட்டில் அதிகம் பேசுவதில்லை. பேசினால் சுருக்கமாகப் பேசுவார். அன்று சமையலறை மேடையில் இரண்டு தாள்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று மகளின் கணக்கு விடைத்தாள், நூற்றுக்கு இருபத்து மூன்று. இன்னொன்று டிக் போடாத படிவம்.

“ஊருக்கெல்லாம் சொல்லிட்டீங்க. இப்ப இவளுக்குச் சொல்லுங்க” என்றார் மனைவி.

அவர் தொடங்கினார். ஓடாத உடம்பில் மூளை வேலை செய்யாது என்றார். மார்க் வரும் போகும் என்றார். இந்த நாட்டில் பிள்ளைகளை நாற்காலி அச்சில் ஊற்றி வார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். வாசலில் ஐந்தாறு பேரைக் கவிழ்த்த அதே பேச்சுதான், ஒரு வார்த்தை குறையவில்லை. மனைவி பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். நடுவில் ஒரே ஒரு தடவை, “அந்த ஓவிய வாத்தியார் லைட்டைத் துடைக்கச் சொன்னாரே, துடைச்சீங்கல்ல?” என்றார். அவர் பேச்சைத் தொடர்ந்தார்.

அப்பா தோற்றுக்கொண்டிருக்கிறார் என்று மகளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பத்து வயசு. வகுப்பில் அவளைவிட வேகமாக ஓடுகிறவர்கள், பையன்களையும் சேர்த்து, யாரும் கிடையாது. அப்பாவுக்குக் கைகொடுக்க ஓடிவந்தாள்.

“எனக்குக் கணக்கு வேணாம்மா. நான் அப்பா மாதிரி பி.டி. டீச்சர் ஆயிடறேன். அதுக்குக் கணக்கு தெரிய வேணாமில்லப்பா?”

குக்கர் சார் திரும்பினார். மகளைப் பார்த்தார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது வேறொருத்தி. நாற்பத்தேழு வயசு. முழங்காலில் வெளுத்த பேன்ட். பதினொரு நாற்காலி தூக்கிப் போட்டுவிட்டுக் கதவோரமாக நின்றுகொண்டிருந்தாள். யாரோ அவளிடம், ஏறினது ஏறிட்டீங்க, அப்படியே அதையும் துடைச்சிடுங்களேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவளும் சரி என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் பேனாவை எடுத்தார். கணக்கு என்ற வார்த்தைக்கு எதிரே டிக் போட்டார். தாள் கிழியாத குறை, அவ்வளவு அழுத்தம். மனைவி இன்னும் மூன்று காரணங்களைத் தயாராக வைத்திருந்தார். அவற்றை எடுக்க வேண்டியிருக்கவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்துபோய், குழாயைத் திறந்து வெகுநேரம் முகம் கழுவினார் சார். மகள் படிவத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். தப்பாகப் போட்டுவிட்டார் என்று சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவள் தோளில் கைவைத்து, உள்ளே போகச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை கடைசி பீரியடுக்கு மணி அடித்தது. ஐந்தாம் வகுப்பில் பத்தொன்பது பேர் பென்சில் சீவினார்கள். இருபத்திரண்டு பேர் மண்ணில் இறங்கினார்கள். சார் அன்று வழக்கத்தைவிடக் கொதித்துக்கொண்டிருந்தார். வரிசை கோணல் என்று ஒரு விசில், சட்டையை உள்ளே விடு என்று ஒரு விசில், காற்றுள்ள ஒரே பந்தை யாரோ காருக்கு அடியில் உதைத்துவிட்டதற்காக ஒரு விசில். மூன்றாகியும் இறங்கவில்லையே என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நம்பர் சொல்லு” என்றார்.

ஒண்ணு, ரெண்டு, மூணு என்று வரிசை உரக்கச் சொல்லிக்கொண்டு போனது. அவர் முதுகைத் திருப்பி, அலமாரியிலிருந்து வந்திருந்த வளையங்களை மண்ணில் பரப்பிக்கொண்டிருந்தார். இருபது. இருபத்தொண்ணு. இருபத்திரண்டு.

“இருபத்துமூணு.”

கையிலிருந்த வளையம் அப்படியே நின்றது. திரும்பாமலே யார் என்று தெரிந்துவிட்டது. திரும்பினார். வரிசையின் கடைசியில், மார்பை நிமிர்த்தி, கைகளைப் பக்கவாட்டில் ஒட்டவைத்து, பாதங்களைச் சரியான கோணத்தில் விரித்து, அந்தப் பள்ளியில் அவரைத் தவிர வேறு யாருக்கும் வராத அட்டென்ஷனில் மகள் நின்றிருந்தாள். ஓடிவந்ததில் ஷூ முழுக்கச் செம்மண்.

“டீச்சர் போர்டு பக்கம் திரும்பினாங்கப்பா. வந்துட்டேன்” என்றாள், உதடு அசையாமல். அட்டென்ஷனில் பேசக் கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

பக்கத்தில் நின்ற பையன் முந்திக்கொண்டான். “சார், அவ எங்க டீம் சார். நான்தான் முதல்ல கேட்டேன்.”

எல்லோரும் நான்காவது விசிலுக்குக் காத்திருந்தார்கள். அது வரவில்லை. அவர் வரிசையின் ஓரமாக நடந்து அவள் முன்னால் வந்து நின்றார். கையை நீட்டினார். விளையாடக் கூப்பிடுகிறார் என்று நினைத்து அவள் சிரித்துக்கொண்டே கையைக் கொடுத்தாள். சிறிது தூரம் நடந்ததும் சிரிப்பு நின்றது. கையை மட்டும் அவள் இழுத்துக்கொள்ளவில்லை. காரைச் சுற்றி, மூன்று படி ஏறி, தாழ்வாரத்தின் வழியாக இரண்டு பேரும் நடந்தார்கள். பின்னால் இருபத்திரண்டு பேரும் கலையாமல் நின்று பார்த்தார்கள்.

வகுப்பு வாசலில் கணக்கு டீச்சர் வந்து நின்றார். அப்பாவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று சார் தலையைக் குனிந்து காத்திருந்தார். டீச்சர் ஒதுங்கி வழிவிட்டார்.

மகள் உள்ளே கால் வைக்கப் போனாள். அவர் அவளை நிறுத்தினார். வாசற்படியில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, அவளுடைய இடது ஷூவிலிருந்த மண்ணை உள்ளங்கையால் தட்டினார். பிறகு வலது ஷூவை. விளிம்பில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்தெடுத்தார். ஒரு பொட்டு மண்கூட இல்லை என்று தெரிந்த பிறகு அவளை உள்ளே அனுப்பிவிட்டு, சத்தம் வராமல் கதவை வெளியிலிருந்து சாத்தினார்.